இல்லாளும் இல்லத்தின் விலையும்

மணமுறிவைப் பற்றித் தமிழில் கதைகள் நிறையவே எழுதப்பட்டுவிட்டன. பிரிவின் வலி, பிள்ளைகளின் தவிப்பு, ஊர்வாய், நீதிமன்றத் தாழ்வாரத்துக் காத்திருப்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் பிரியப்போகும் இருவர் குடியிருந்த வீட்டின் விலை என்ன என்று கேட்கும் பாத்திரத்தை என் வாசிப்பில் அதிகம் சந்தித்ததில்லை. சந்தித்த ஓரிரு இடங்களிலும் கேட்டவர் பேராசைக்காரராகவே வரையப்பட்டிருந்தார். விலை கேட்பவர் மட்டம், கேளாமல் விட்டுக்கொடுப்பவர் உயர்ந்தவர் என்பது நம் எழுத்தில் எழுதப்படாத விதி.

வாழ்க்கையிலும் ஏறக்குறைய இதே நிலைதான். "இத்தனை வருஷம் விளக்கேற்றிய வீட்டுக்கு விலை பேசுவதா?" என்ற கேள்வி எழுந்தவுடன் கூடியிருக்கும் பெரியவர்கள் தலையசைத்துவிடுகிறார்கள். பண்பாட்டின் குரல்போல ஒலிக்கும் இக்கேள்வி நடைமுறையில் யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்கவேண்டும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, வீட்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்கே அது பெரும்பாலும் பயன்படுகிறது. பிரிவது என்று உறுதியான பிறகு, தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு வீட்டை முறையாக மதிப்பிட்டுக்கொள்வதே நாகரிகமான செயல் என்பது என் துணிபு. அதை மறுப்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், மற்றவருக்கு உரியதை இருட்டில் வைத்திருக்கவே விரும்புகிறார்.

நம் மொழியிலிருந்தே தொடங்கலாம். மனையிலிருந்து பிறந்தவள் மனைவி. இல்லத்தை ஆள்பவள் இல்லாள். இச்சொல்லை ஆண்பாலாக்கி 'இல்லான்' என்று சொன்னால் ஒன்றும் இல்லாதவன் என்று பொருள் மாறிவிடுவதைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் சுவையாகச் சொல்வார்கள். வீட்டைப் பெண்ணின் பெயரிலேயே எழுதிவைத்த மொழி இது. சார்பதிவாளர் அலுவலகத்துப் பேரேட்டில் மட்டும் கதை வேறு. அங்கே இல்லாள் பலமுறை இல்லாதவளாகவே நிற்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? திருமண வாழ்வின்போது ஈட்டிய சொத்து இருவருக்கும் பொது என்னும் விதி இந்தியாவின் பெரும்பகுதியில் இல்லை. 1867ஆம் ஆண்டுப் போர்ச்சுக்கீசிய சிவில் சட்டத்தின் வழிவந்த கோவாவில், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், கணவன் மனைவி சொத்து பொதுச்சொத்தாகக் கொள்ளப்படுகிறது. நம் ஊரில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 27ஆம் பிரிவில் பேசுவதெல்லாம், திருமணத்தின்போதோ அதையொட்டியோ வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உரிய பொருள்களைப் பற்றித்தான். பத்தாண்டு கழித்துக் கட்டிய வீட்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தர வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையைக் கடக்காமலே 2014இல் அது காலாவதியாயிற்று.

அப்படியானால் பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவிக்கு வீட்டின் மதிப்பு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தேவை இருக்கிறது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றியது. தொகையை முடிவு செய்யும்போது எதிர்த்தரப்பின் வருமானத்தோடு அவருடைய பிற சொத்தையும் நீதிமன்றம் கருதவேண்டும் என்கிறது அது. வேண்டுமானால் அத்தொகைக்கு ஈடாக அசையாச் சொத்தின்மீது பொறுப்பு ஏற்றவும் அதில் இடமுண்டு. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 நவம்பரில் பணித்தது. எனினும் வீடு உண்டு என்று எழுதுவது ஒன்று. அவ்வீடு எவ்வளவு பெறும் என்று நிறுவுவது வேறொன்று. முதலாவது ஒரே வரியில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு மதிப்பீட்டாளர் வேண்டும்.

இருவர் பெயரிலும் பத்திரம் இருக்குமானால் சொல்லவே வேண்டாம். நகரங்களில் இன்று வங்கிக் கடன் வாங்கும் பல இணையர் இருவரின் சம்பளத்தையும் காட்டித்தான் வாங்குகிறார்கள். ஒருவர் வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பது என்று சமரசம் ஏற்பட்டால் எல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. அந்த எண்ணை யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் வழிகாட்டி மதிப்பு என்ற சொல் உள்ளே வருகிறது. பதிவுத்துறை தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் வெளியிடும் மதிப்பு அது. முத்திரைத்தாள் கட்டணத்தைக் கணக்கிடுவதற்காக அரசு வகுத்துக்கொண்ட அளவுகோல் அதற்குமேல் எதையும் சொல்ல முற்படுவதில்லை. ஆனால் பஞ்சாயத்துப் பேச்சில் அதற்கு வேதத்தின் தகுதி வந்துவிடுகிறது. "கவர்மெண்டே இவ்வளவுதான் என்று சொல்கிறது" என்று ஒருவர் சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயடைத்துப் போகிறார். 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை ஒரே ஆணையில் 33 விழுக்காடு குறைத்தது. அன்றிரவு எந்த வீட்டின் செங்கல்லும் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் மதிப்பு மீண்டும் உயர்த்தப்பட்டபோது எந்த வீட்டிலும் புதிதாக ஓர் அறை முளைக்கவுமில்லை. அரசின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் எண்ணைக் கொண்டு இருவரின் எஞ்சிய வாழ்வைப் பங்கிடுவது முறையாகாது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் 90 லட்சம் ரூபாய் பெறும் வீடு. வங்கிக்குக் கட்டவேண்டியது 30 லட்சம். மீதி 60 லட்சம், சரிபாதி என்றால் ஆளுக்கு 30 லட்சம். இதே வீட்டை வழிகாட்டி மதிப்பான 60 லட்சத்துக்குக் கணக்கிட்டால் கடன் போக மீதி 30 லட்சம். ஆளுக்கு 15 லட்சம். வீட்டின் மதிப்பு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. வெளியேறுபவரின் கைக்கு வருவதோ பாதியாகிவிட்டது. மதிப்பு குறையும்போது கடன் கூடவே குறைவதில்லை என்பதால் நேரும் விளைவு இது. கண்ணீரோடு அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கு அந்நேரத்தில் தோன்றாது. தோன்றாது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

மதிப்பீட்டாளர் என்பவர் யார்? வீட்டுத் தரகர் சொல்லும் விலையும் ஒரு விலைதான். ஆனால் அவருக்கு விற்பனை நடந்தால்தான் கூலி. வங்கியின் மதிப்பீட்டாளர் கடனுக்கு ஈடு போதுமா என்று பார்க்க வருபவர்; அவர் கை சற்று இறுக்கமாகவே இருக்கும். அவருடைய அறிக்கையில் கட்டாய விற்பனை மதிப்பு என்று இன்னும் குறைந்த தொகை ஒன்றும் இருக்கும். அதை எடுத்துவந்து பேச்சுவார்த்தையில் வைப்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியவர் சொத்து மதிப்பீட்டுக்கெனப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர். 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர்கள் நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வருகிறார்கள். நிறுவனச் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகளும் நிலம், கட்டடம் ஆகியவற்றுக்கெனத் தனிவகைப் பதிவை ஏற்படுத்தின.

அவர் செய்யும் வேலை மர்மமானதன்று. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது ஆகியவற்றைப் பார்க்கிறார். நாடா பிடித்து அளக்கிறார். அனுமதி பெற்ற பரப்புக்கும் கட்டிய பரப்புக்கும் வேறுபாடு உண்டா என்று நோக்குகிறார். தெருவின் அகலம், தண்ணீர் வசதி, மழைக்காலத்தில் நீர் நிற்குமா என்பன அவர் குறிப்பேட்டில் ஏறும். அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளை ஒப்பிட்டு நிலத்துக்கு ஒரு விலை காண்கிறார். கட்டடத்துக்கு இன்று கட்டினால் ஆகும் செலவைக் கணக்கிட்டு, வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கிறார். வாடகைக்கு விட்ட சொத்தாயின் வாடகையிலிருந்தும் மதிப்பைப் பெறுவதுண்டு.

நிலத்தையும் கட்டடத்தையும் அவர் இவ்வாறு பிரித்துப் பார்ப்பதிலேயே ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. "முப்பது வருஷத்துப் பழைய ஃபிளாட், இனி இதில் என்ன இருக்கிறது" என்பது பேச்சுவார்த்தைகளில் அடிக்கடி விழும் வார்த்தை. கட்டடம் தேய்வது உண்மை. ஆனால் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பிரிபடாத மனைப்பங்கு தேய்வதில்லை. சென்னை போன்ற நகரில் பழைய குடியிருப்புகளின் மதிப்பில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான் இருக்கிறது. சுவரின் விரிசலைக் காட்டி மண்ணின் விலையை மறைப்பதை மதிப்பீட்டாளரின் ஒரே ஒரு பக்கம் தடுத்துவிடும்.

மதிப்பீட்டாளருக்கும் புலப்படாத ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். நம் நாட்டு வீடுகளின் சுவருக்குள் தங்கம் இருக்கிறது. மனை வாங்க முன்பணம் போதாமல் கழற்றிக் கொடுத்த சங்கிலி, மேல்தளம் போட அடகுக்குப் போய் மீளாத வளையல்கள், கடைசித் தவணைக்கு விற்ற ஆரம். ரசீது பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும். பல நேரங்களில் ரசீதே இருக்காது. மதிப்பீட்டாளர் சொல்வது வீடு இன்று என்ன பெறும் என்பதை மட்டுமே. அதில் யாருடைய உழைப்பும் நகையும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அவர் அளக்கமுடியாது.

ஆயினும் சட்டம் இவ்விடத்தில் முற்றிலும் கைவிரிக்கவில்லை. ஸ்திரீதனம் பெண்ணுக்கே முழுவுரிமையான சொத்து என்று உச்சநீதிமன்றம் 1985லேயே தெளிவாக்கியது. கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் நகையைக் கணவர் குடும்பம் தம் கடனுக்குப் பயன்படுத்திக்கொண்ட வழக்கில், 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் வழங்கிய தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்பிய கணவருக்கும் ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவிக்கும் இடையே எழுந்த சொத்து வழக்கு அது, மணமுறிவு வழக்கன்று. வீட்டைப் பேணிப் பிள்ளைகளை வளர்த்த மனைவியின் உழைப்பும் சொத்து சேர்வதற்கான பங்களிப்பே என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதில் கூறினார். நாடாளுமன்றம் தயங்கிய இடத்தில் ஒரு நீதிமன்றம் கதவைச் சற்றே திறந்திருக்கிறது. ஆனால் பாதிப் பங்கு என்று தீர்ப்பு வந்தாலும் எதில் பாதி என்ற கேள்வி நிற்கும். உரிமையைச் சட்டம் சொல்லட்டும். அளவைச் சொல்ல மதிப்பீடு வேண்டும். இரண்டும் சேராவிட்டால் கையில் வருவது வெறும் தீர்ப்பு நகல்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் பார்க்கவேண்டும். நினைவுகளுக்கு விலையிட முடியுமா என்பது முதல் வாதம். முடியாதுதான். மதிப்பீட்டாளரும் அதைச் செய்ய முயல்வதில்லை. பிள்ளையின் உயரத்தைக் குறித்துவைத்த கதவு நிலையை அவர் தேக்கா வேம்பா என்று மட்டுமே பார்ப்பார். அந்த ஈரமின்மையைக் குறையென்று நான் கருதவில்லை. எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டிருக்கும் ஒரு கூடத்தில், எப்பக்கமும் சாயாமல் நாடாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பது ஆறுதலானது. நினைவுகளை இருவரும் தம்தம் பங்குக்கு எடுத்துச்செல்லட்டும். அவற்றைக் காட்டி விலையை மறைக்கவேண்டாம்.

இரண்டாவது வாதம், மதிப்பீடு சண்டையை வளர்க்கும் என்பது. ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொண்டால் வளர்க்கும், ஐயமில்லை. ஒருவர் கூட்டிச் சொல்வார், மற்றவர் குறைத்துச் சொல்வார், பிறகு நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அனுப்பும், ஆண்டுகள் ஓடும். ஆகவேதான் இருவரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். கட்டணத்தைப் பாதிப்பாதியாக ஏற்கட்டும். இருவர் முன்னிலையிலும் வீடு அளக்கப்படட்டும். அறிக்கையின் படி இருவர் கையிலும் ஒரே நாளில் சேரட்டும். எந்த நோக்கத்துக்கான மதிப்பீடு, எந்தத் தேதியின் மதிப்பு, எம்முறையில் கண்டது என்பன அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேதி முக்கியம். பிரிந்துபோன நாளுக்கும் தீர்ப்பு வரும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம். அதற்குள் பக்கத்தில் மெட்ரோ நிலையம் வந்து விலை ஏறியிருக்கலாம். எந்த நாளின் மதிப்பைக் கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது பின்வரும் பூசல்களில் பாதியைத் தவிர்க்கும்.

பெரும்பாலோருக்கு நினைவில் வராத வேறு சில செய்திகளும் உண்டு. வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்திட்டிருந்தால், நீதிமன்றம் மணத்தை முறித்தாலும் வங்கியின் உரிமை முறிவதில்லை. வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை வெளியேறியவரும் கடனாளியே. வீட்டை விற்றுப் பங்கிடுவதாயின் மூலதன ஆதாய வரி போன பிறகுதான் கையிருப்பு. ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு, குடும்ப உறுப்பினர்களுக்கிடையே எனில் தமிழகத்தில் முத்திரைக் கட்டணம் 1 விழுக்காடுதான். 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். கணவன், மனைவி என்பவர்கள் குடும்ப உறுப்பினர்கள். தீர்ப்புக்குப் பிறகு அச்சொற்கள் அவர்களுக்குப் பொருந்தா. ஆகவே எதை எப்போது எழுதுவது என்பதை வழக்கறிஞரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாதம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. "எனக்கு ஒன்றும் வேண்டாம், என்னை விட்டால் போதும்" என்று சொல்லி வெளியேறும் பெண்ணின் வாதம் அது. அச்சொல்லின் பின்னால் இருக்கும் களைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம் கதைகள் அந்தக் களைப்பைத் தியாகமாக்கி வணங்கியிருக்கின்றன. வெறுங்கையோடு படியிறங்கும் நாயகியோடு கதை முடிந்துவிடும். மறுமாதம் அவள் வாடகைக்கு முன்பணம் தேடி அலைவது எழுதப்படுவதில்லை. எதைத் துறக்கிறோம் என்று அறிந்து துறப்பதே துறவு. வீட்டின் மதிப்பும் தன் பங்கும் எவ்வளவு என்று கண்ட பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய பெருமை. காணாமலே வேண்டாம் என்று சொல்லவைப்பது மற்றவர்களின் சாமர்த்தியம்.

ஆண்களுக்கும் இதில் பயன் உண்டு. வீட்டை மனைவி பெயரில் வாங்கிவிட்டுத் தவணையைத் தாமே கட்டிவந்த கணவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் கட்டிய வீட்டின் நிலை தெரியாமல், உறவினர் சொன்ன தொகையை நம்பிக் கையெழுத்திடுபவர்களும் இருக்கிறார்கள். பெற்றோரின் பூர்வீக வீடு எது, தாம் அதில் சேர்த்த பகுதி எது என்று பிரித்துக்காட்ட முடியாமல் திணறுபவர்களும் உண்டு. அவர்களுக்கும் கையில் இருக்கவேண்டியது முறையான அறிக்கைதான்.

குடும்பநல நீதிமன்றங்கள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் கணவன் மனைவிக்கிடையிலான சொத்து வழக்குகளையும் அந்நீதிமன்றங்களின் வரம்பில்தான் வைத்திருக்கிறது. சமரசப் பேச்சுக்கு ஆலோசகரிடம் அனுப்பும்போதே, வீடு ஒன்று இருக்குமானால் அதன் மதிப்பறிக்கையையும் கேட்டுப் பெறுவது வழக்கமானால் என்ன? கட்டணம் தர இயலாதவர்களுக்குச் சட்ட உதவி மையங்கள் வழியாக அதற்கு ஏற்பாடு செய்யலாம். எண் தெரிந்தபின் நடக்கும் பேச்சும் தெரியாமல் நடக்கும் பேச்சும் ஒன்றல்ல.

எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை மணமுறிவைக் கதையாக்கும்போது, நாடாவும் குறிப்பேடுமாய் ஒருவரைப் படியேற்றுங்கள். அவர் நீளத்தைச் சொல்ல, அந்த வீட்டுப் பெண் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அவளைப் பேராசைக்காரி என்று அழைப்பதற்கு முன், அந்த நாடாவின் மறுமுனை இத்தனை காலம் யார் கையில் இருந்தது என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.